தினம் ஒரு படம்

சென்ற ஆண்டு நம் நண்பர் ஒருவருடைய தாயார் காலமானார். கூடத்தில் மாட்டி மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. நண்பரின் கைப்பேசியில் எட்டாயிரம் படங்களுக்குக் குறையாமல் இருந்தன; அம்மாள் இருக்கும் படங்களே நூற்றுக்கணக்கில். வீட்டார் நால்வர் இரவெல்லாம் உட்கார்ந்து தேடினார்கள். ஒன்றில் ஜன்னலுக்கு எதிரே நின்று முகம் கறுத்திருந்தது. ஒன்றில் பாதித் தலையைக் காணோம். மற்றொன்றில் கண் மூடியிருந்தது. கடைசியில், பாங்கிப் புத்தகத்தில் ஒட்டியிருந்த சிறு படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள்.

எட்டாயிரம் தடவை எடுத்த கைக்குத் தேர்ச்சி வரவில்லையே, ஏன்? அத்தனை தடவை எடுத்ததனாலேயே வரவில்லை என்பது நமது அபிப்பிராயம். இது சரியில்லாவிட்டால் அடுத்தது இருக்கிறது என்ற தைரியத்தில், எதையும் நின்று பார்க்காமலே பொத்தானை அழுத்திவிடுகிறோம்.

அமெரிக்காவில் ஜிம் பிராண்டன்பர்க் என்றொரு புகைப்படக் கலைஞர், ஓநாய்களைப் படம் பிடித்துப் புகழ் பெற்றவர், இதற்கு நேர்மாறான விரதம் ஒன்றை மேற்கொண்டார். 'நேஷனல் ஜியாகிரபிக்' பத்திரிகைக்கு நெடுங்காலம் படமெடுத்தவர் அவர். ஒரே கட்டுரைக்காகச் சுருள் சுருளாகப் பிலிம் செலவாவது அத்தொழிலில் சகஜம். 1994-ம் ஆண்டு செப்டம்பர் 23 முதல் டிசம்பர் 21 வரை, ஆக 90 நாட்கள், மினசோட்டா மாகாணத்தின் வடகோடியில் ஈலி என்ற ஊருக்கருகே உள்ள காட்டில் நாளொன்றுக்கு ஒரே தடவை பொத்தானை அழுத்துவதென்று அவர் தீர்மானித்தார். பிசகிப் போனாலும் மறு தடவை கிடையாது. காலையில் ஒரு நல்ல காட்சி கண்ணில் படுகிறது. அதிலேயே அன்றைய பாக்கியத்தைச் செலவிட்டுவிடுவதா, மாலையில் இதைவிட மேலானது கிடைக்குமென்று காத்திருப்பதா? டிசம்பரிலோ அங்கே பகற்பொழுது எட்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். காத்திருந்து ஏமாந்தால் இருட்டைத்தான் படம் பிடிக்க வேண்டும்! அந்தப் படங்கள் 1997 நவம்பரில் அதே பத்திரிகையில் வெளிவந்தன. பிறகு புத்தகமாகவும் வந்தன.

காட்டுக்குப் போகத்தான் வேண்டுமென்பதில்லை. நியூயார்க்கில் ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர், எடுத்த இடத்திலேயே படத்தை வெளியே தள்ளும் போலராய்டு காமிராவைக் கொண்டு 1979 மார்ச் 31 முதல் தினம் ஒரு படம் எடுத்து வந்தார். நண்பர்கள், சாப்பாட்டு மேஜை, தெரு, கடைசிக் காலத்தில் நோய்ப்படுக்கை என எல்லாம் அதில் உண்டு. 1997 அக்டோபர் 25-ம் தேதி, தமது நாற்பத்தொன்றாவது பிறந்த நாளன்று அவர் மறைந்தபோது, 6,000-க்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்திருந்தன.

நாமும் முப்பது நாள் முயன்றோம். முதல் வாரத்துப் படங்களைப் பற்றிப் பேசாதிருப்பதே நலம். ஏழில் நான்கு, காபி டம்ளர். ஒருநாள் பத்துப் படம் எடுத்து அவற்றில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டோம். ஏகாதசிக்குச் சோறு வேண்டாமென்று சொல்லிவிட்டு வயிறு முட்டப் பலகாரம் பண்ணுவதைப் போன்றதுதான் அது. ஆயினும், ஒன்றே ஒன்றுதான் என்று ஆனபிறகு கண் விழித்துக்கொண்டது. உச்சி வெயிலில் கண்ணுக்கடியில் நிழல் குழி விழுவதும், காலை ஏழு மணிக்கு முற்றத்தில் பக்கவாட்டில் விழும் வெளிச்சம் முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் மெதுவாகத் தொட்டுக் காட்டுவதும், இத்தனை வருஷம் அந்த வீட்டில் குடியிருந்தும் நாம் அறியாதவை. நண்பரின் தாயார் முகம் கறுத்த ரகசியமும் புலப்பட்டது. காமிரா தன்முன் உள்ள வெளிச்சம் முழுவதையும் சேர்த்து அளவு பார்க்கிறது. பின்னாலிருக்கும் ஜன்னலின் பிரகாசத்தை அடக்கப் போய் முகத்தை இருட்டாக்கிவிடுகிறது. ஆளை ஜன்னலின் பக்கம் திருப்பி உட்கார வைத்தால் போதும். முடியாதபோது, கைப்பேசித் திரையில் முகத்தின்மேல் விரலை வைத்தால் அளவு முகத்துக்குத் தக்கபடி மாறுகிறது.

இதை நண்பரிடம் சொன்னோம். அவர் ஒன்றும் பதில் பேசவில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, எண்பது வயதைத் தாண்டிய அவருடைய தகப்பனார், சலவை வேஷ்டியுடன், ஜன்னலோரத்து நாற்காலியில் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏண்டா, இன்றைய படம் ஆயிற்றா, இல்லையா? வெயில் ஏறிவிடப் போகிறது" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.