கரும்பலகையில் பெயர் எழுதும் குட்டிக் கங்காணிகள்

தேயிலைத் தோட்டத்தில் கங்காணி துரை அல்ல. நம்மூர்க்காரர், நம் மொழி பேசுகிறவர். ஆனால் அவர் கணக்குச் சொல்வது துரையிடம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்காக அரசு உண்டாக்கிய டேன்டீ தோட்டங்கள் சூழ்ந்த நெல்லியாளத்தில் வளர்ந்தவள் நான். கங்காணி என்ற சொல்லுக்கு எங்கள் லயத்தில் யாரும் அகராதி புரட்டத் தேவையில்லை.

அந்தக் கங்காணியை நான் முதலில் பார்த்தது தோட்டத்தில் அல்ல, வகுப்பறையில். ‘லீடர்’ என்று பெயர். ஆசிரியர் இல்லாதபோது பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவார். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, குறிக்கு ஓர் அடி. லீடர்களெல்லாம் கடைவீதிப் பிள்ளைகள், அலுவலர் வீட்டுப் பிள்ளைகள். நான் படித்த ஆண்டுகளில் ஒரு பணியர் பிள்ளைகூட லீடர் ஆனதில்லை. அவர்களின் பெயர் பலகையில் மட்டும் தவறாமல் இருக்கும், பேசியதற்காக மட்டுமல்ல, பணிய மொழியில் பேசியதற்காகவும்.

இதைத்தான் ‘மாணவர் தலைமைப்பண்பு’ என்று இன்றும் மேடையில் புகழ்கிறார்கள். 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு ‘மகிழ் முற்றம்’ வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள், அவற்றுக்குத் தலைவர்கள். பிள்ளைகளைக் கலந்து உட்கார வைக்கிற எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். கேட்பது ஒன்றுதான்: கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று குறிஞ்சித் தலைவி கேட்டால், பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் யாருக்கு இருக்கிறது? ‘மாணவர் மனசு’ பெட்டியும் இருக்கிறது. பெட்டிக்குள் போடுவது மனு. மனுப் போடுகிறவருக்குக் கூட்டத்தில் நாற்காலி கிடையாது.

பிள்ளைகளின் சொல்லுக்கு மதிப்பில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்களுக்குப் பக்கத்து ஊர் காட்டியது. 2019 நவம்பர் 20, வயநாட்டின் சுல்தான் பத்தேரி, அரசு சர்வஜன மேல்நிலைப் பள்ளி. வகுப்பறைத் தரையில் ஒரு பொந்து. அங்கே ஐந்தாம் வகுப்புச் சிறுமியைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லியும் தாமதித்தார்கள் என்று உடன் படித்த பிள்ளைகள் பிறகு கேமராக்கள் முன்னால் சொன்னார்கள். சிறுமி அன்றே இறந்துபோனாள். பிள்ளைகள் வாய் திறந்த பிறகுதான் இடைநீக்கம், விசாரணை, பொந்தடைப்பு எல்லாம். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை நிறைவேறி அன்றோடு சரியாக 30 ஆண்டுகள். தன்னைப் பாதிக்கும் விசயத்தில் குழந்தை கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புக் கிடைக்கவும் உரிமை உண்டு என்கிறது அதன் 12ஆவது பிரிவு. இந்தியா அதில் 1992-லேயே சேர்ந்துவிட்டது.

நம் சட்டத்திலும் ஓர் இடுக்கு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 2010 மத்திய விதிகளில், பள்ளி மேலாண்மைக் குழுவின் 75 விழுக்காடு பெற்றோர். மீதியில் மூன்றில் ஒரு பங்கு ‘உள்ளூர்க் கல்வியாளர்கள் / பள்ளிக் குழந்தைகள்’. அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் நம் பிள்ளைகள் பதினைந்து ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறார்கள். தமிழ்நாடு 2024-இல் குழுக்களைத் திருத்தியமைத்தபோது முன்னாள் மாணவர்களைச் சேர்த்தது. இந்நாள் மாணவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

தேர்தல் வைத்தால் போதுமே என்பார்கள் தோழர்கள். கேரளப் பள்ளிகளில் ரகசிய வாக்கெடுப்போடு பள்ளி நாடாளுமன்றத் தேர்தல் நடக்கத்தான் செய்கிறது. அந்த மாநிலத்தில்தான் பத்தேரியும் இருக்கிறது. அதோடு, நாற்பது பேர் வகுப்பில் நான்கு பணியர் பிள்ளைகள் இருந்தால் வாக்குப்பெட்டி அவர்களை எப்போது தேர்ந்தெடுக்கும்? 1919-இல் சவுத்பரோ குழு முன்னால் அம்பேத்கர் தீண்டப்படாதோருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் கேட்டது இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டுதான். பெரும்பான்மை பொறுக்கித் தரும் தலித் பிரதிநிதி யாருக்குக் கணக்குச் சொல்வார் என்பதை பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகான தேர்தல்களில் பார்த்தாயிற்று. பள்ளிக்கும் அதே கணக்குத்தான்: இடஒதுக்கீடு வேண்டும், சுழற்சி வேண்டும், பெண் பிள்ளைகளுக்குப் பாதி வேண்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்தவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு ‘சமூகநீதி மாணவர் படை’யைப் பரிந்துரைத்தது. வரட்டும். ஆனால் அதன் தலைவர்களை ஆசிரியர் அறை நியமித்தால் அங்கேயும் கங்காணிதான் வந்து உட்காருவார்.

“பிள்ளைகள் கையில் அதிகாரம் கொடுத்தால் வாத்தியாரைப் பழிவாங்குவார்கள்” என்பது இன்னொரு அச்சம். லயத்துக்காரன் கையில் சங்கம் போனபோது துரைமார்களும் இப்படித்தான் பயந்தார்கள். வார்சாவில் யானுஷ் கோர்சாக் தன் அநாதை இல்லத்தில் பிள்ளைகளே நீதிபதிகளாக இருந்த நீதிமன்றத்தை நடத்தினார். அவரே அதன் முன் குற்றம் சாட்டப்பட்டு நின்றார். இல்லம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பலகையில் பெயர் எழுதும் வேலையை இந்தக் கல்வியாண்டோடு நிறுத்துங்கள். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு நாற்காலி போடுங்கள், ஒன்று பழங்குடி அல்லது தலித் பிள்ளைக்கு. அவர்கள் எழுப்பும் பொருளுக்குத் தலைமையாசிரியர் அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். நெல்லியாளத்தில் முதல் பொருள் என்னவாக இருக்கும் என்று எனக்கே தெரியும்: யானை நடமாடும் பாதையில் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர மாலையில் பேருந்து எத்தனை மணிக்கு வரும்?