வாசனை காட்டிக்கொடுக்காத பழக்கம்



மின்சிகரெட் என்றவுடன், "அது பெருநகரப் பிள்ளைகளின் பழக்கம், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே இருக்கும் பரமத்தி வேலூருக்கு அதனோடு என்ன தொடர்பு?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும் ஒரு பிள்ளை பதின்மூன்று வயதில் முதன்முறையாக அதை ஏன் வாயில் வைக்கிறது என்பதை ஆராய்ந்தால், நம் வீட்டு வாசல் வரை அந்தக் கேள்வி வந்துவிடும்.

சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. தமிழக அரசு 2018-லும், மத்திய அரசு 2019-லும் மின்சிகரெட்டைத் தடை செய்தன. மத்தியச் சட்டத்தின்படி, அதை விற்பவருக்கு முதல் குற்றத்திற்கே ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். அதே 2019-இல் நடந்த உலக இளையோர் புகையிலை ஆய்வோ, நம் நாட்டில் 13 முதல் 15 வயதுள்ள மாணவரில் 2.8 சதவீதத்தினர் அதைச் சுவைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லிற்று. ஏதேனுமொரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்துவோர் 8.5 சதவீதம். மெல்லும் புகையிலையைத் தொட்டவர்களில் பாதிப்பேர் பத்து வயது நிரம்புமுன்பே தொடங்கியவர்கள். இந்தக் கடைசிச் செய்தியே என்னை அதிகம் கலங்கச் செய்கிறது.

ஏன் தொடங்குகிறார்கள்? "கெட்ட சகவாசம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மை. 2003-இல் ஹான் லிக் என்னும் சீன மருந்தாளர், சிகரெட்டுக்கு மாற்றாக இக்கருவியை வடிவமைத்தார். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். பெரியவர்களை விடுவிக்க எண்ணிய கருவி, பழச்சுவையும் புதினாக் குளிர்ச்சியும் பூசிக்கொண்டு பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது. பேனாவைப் போன்ற உருவம். சட்டையில் தங்கும் நாற்றம் இல்லை. அமெரிக்காவில் 2019-இல் உயர்நிலைப் பள்ளி மாணவரில் 27.5 சதவீதத்தினர் அதைப் பயன்படுத்தினர்.

நம் பக்கத்தில் அதே தந்திரத்தை மலிவு விலையில் செய்வது 'கூல் லிப்'. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்கும் சிறு பொட்டலம். வகுப்பில் அமர்ந்திருக்கும்போதே வாயில் இருக்கலாம். பள்ளி மாணவரிடையே அது பரவுவது குறித்து 2024-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கவலை தெரிவித்தது.

நிக்கோட்டின் வேலை செய்யும் விதத்தையும் அறிந்துகொள்ளுங்கள். மூளைக்குச் சில நிமிட இன்பம் தந்து, அது வடிந்ததும் எரிச்சலையும் கவனச்சிதறலையும் உண்டாக்குகிறது. மறுபடி எடுத்தால் எரிச்சல் தணிகிறது. மதிப்பெண்ணே மூச்சென்று வாழும் விடுதி மாணவன், "இது என் மன அழுத்தத்தைக் குறைக்கிறது" என்று நம்பிவிடுகிறான். தானே கொடுத்த நோய்க்குத் தானே மருந்தாக வரும் வஞ்சகம் அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெற்றிலையோடு புகையிலையை மடித்து மெல்லும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. "கடைக்குப் போய் வாங்கிவா" என்று பிள்ளையை அனுப்புகிறவர்களும் உண்டு. 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விற்றவரைக் குறைகூறுமுன், காசு கொடுத்தனுப்பிய கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாபிலோனில் அரசனின் உணவை மறுத்த தானியேலைப் பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். அவனோடு மூன்று நண்பர்கள் நின்றார்கள் என்பதை மட்டும் விரைவாகக் கடந்துபோகிறோம். மறுக்கத் தெரிந்த ஒரு தோழன் உங்கள் பிள்ளைக்கு இருக்கிறானா? அவன் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

ஒருநாள் புத்தகப்பையில் அந்தப் பொட்டலத்தைக் கண்டால், கை ஓங்காதீர்கள். அடிபட்ட பிள்ளை இன்னும் நன்றாக மறைக்கவே கற்றுக்கொள்ளும். "எப்போது தொடங்கினாய், யார் கொடுத்தார்கள், எடுக்காவிட்டால் உடம்பு என்ன செய்கிறது?" என்று அமர்ந்து கேளுங்கள். புகையிலையை விட உதவும் தேசியத் தொலைபேசி எண் 1800-11-2356, அழைப்பு இலவசம். பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டே அழையுங்கள்.