தோட்டத்துக்கு எத்தனை குடம்?

தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013-ல் தொடங்கப்பட்டது. குடிநீருக்கே காவிரியை நம்பியிருக்கும் மாவட்டத்தில், வீட்டுத் தோட்டத்துக்குக் குத்துமதிப்பாகத் தண்ணீர் விடுவது சரிதானா?

செடியின் தேவையைக் கணக்கிட வழி இருக்கிறது. மண்ணிலிருந்து ஆவியாகும் நீரும் இலைகள் வெளிவிடும் நீரும் சேர்ந்ததுதான் பாத்தியின் ஒரு நாள் இழப்பு. அது 5 மில்லிமீட்டர் என்றால், 10 சதுர மீட்டர் பாத்திக்கு 50 லிட்டர் போதும்!

ஆனால் வானிலைச் செய்தியில் வெயிலையும் மழையையும்தான் சொல்கிறார்கள். இந்த அளவு சாதாரண மக்களின் காதுக்கு வருவதே இல்லை. இத்தனைக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டாரம்தோறும் தானியங்கி வானிலை நிலையங்களை அமைத்திருக்கிறது. வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், சூரிய ஒளி ஆகிய நான்கும் கிடைத்தால், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1998-ல் பரிந்துரைத்த பென்மன்-மான்டீத் முறையில் கணக்கிட்டுவிடலாம். பயிருக்கு ஏற்ற எண்ணால் பெருக்கினால் வேலை முடிந்தது.

அதுவரை ஹார்கிரீவ்ஸ் சூத்திரம் கைகொடுக்கும். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை, அட்சரேகை, தேதி இருந்தால் போதும். பள்ளி மாணவர்களே தினமும் கணக்கிட்டுக் கரும்பலகையில் எழுதலாம்.

மழையளவைச் சொல்வதுபோல, மண் இழந்த நீரையும் தமிழில் தினமும் சொல்ல வேண்டும். வரவு மட்டும் தெரிந்து செலவு தெரியாமல் எந்தக் குடும்பமும் நடக்காது, தோட்டமும் அப்படித்தான்!