அழுத்தமானி சொன்னதும் ஊர் கேளாததும்

2004 டிசம்பர் 26 அன்று காலை சுமத்திராவுக்கு அருகே கடலடி நிலம் நடுங்கியதை உலகெங்கும் உள்ள நிலநடுக்கப் பதிவுக் கருவிகள் சில நிமிடங்களில் அறிந்தன. ஆழிப்பேரலை நம் காரைக்கால் கரையைத் தொட இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. அவ்விடைவெளியில் ஓர் எச்சரிக்கைச் சொல்கூடக் கோட்டுச்சேரிமேட்டை வந்தடையவில்லை. கருவி அறிந்தது, கரை அறியவில்லை. அப்பாடத்தை நாம் கடலோடு நிறுத்திக்கொள்ளலாகாது. தொழிற்சாலைகளின் வாயுக் கசிவுக்கும் அது முற்றும் பொருந்தும்.

நிரவியில் எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்தின் காவிரிப் படுகை அலுவலகம் இருக்கிறது. வாஞ்சூரில் துறைமுகம் இருக்கிறது. வயல்களுக்கடியில் எரிவாயுக் குழாய்கள் செல்கின்றன. இவை வேண்டா என்பதன்று நம் கருத்து. இவற்றோடு வாழ்வோர் இவற்றின் மொழியையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே.

இந்நாளில் கசிவைக் கண்டறியத் தரவுப் பகுப்பாய்வு என்னும் முறை கையாளப்படுகிறது. தனியொரு வாயுமானி, வாயு தன்னை எட்டிக் குறித்த அளவைக் கடந்த பின்னரே ஒலியெழுப்பும். கணிப்பொறியோ அழுத்தம், வெப்பம், ஓட்டம், காற்றின் திசை ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்குகிறது. குழாயின் ஒருமுனையில் புகுந்த அளவையும் மறுமுனையில் வெளிப்பட்ட அளவையும் ஒப்பிடுகிறது. நேற்றைய இயல்பிலிருந்து இன்றைய எண் விலகினால், ஆபத்தெல்லையை எட்டுமுன்பே எச்சரிக்கிறது. தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. ஒரே சுவடியை வைத்துக்கொண்டு பிழை காண்டல் அரிது; பல சுவடிகளை ஒப்புநோக்கியே உ.வே. சாமிநாதையர் பாடங்களைத் தெளிந்தார். ஒப்புநோக்கே இரண்டிற்கும் உயிர்.

அவ்வொப்புநோக்கு இல்லாமையின் விலையைப் போபால் காட்டிற்று. 1984 டிசம்பர் 2 இரவு பத்தரை மணியளவில் 2 பவுண்டாக இருந்த கொள்கலத்தின் அழுத்தம் பதினொரு மணிக்கு 10 பவுண்டாயிற்று. தனித்து நோக்கின் 10 என்பது இயல்பான எண்ணே. அரைமணியில் ஐந்து மடங்கு ஏறியது என்பதன்றோ செய்தி! அதனைக் கருவியின் கோளாறு என்றே கருதினர். குளிரூட்டும் அமைப்பும் அன்று இயங்கவில்லை. ஏறத்தாழ 40 டன் நச்சு வெளியேறி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் உயிரிழந்தனர். வெப்பமானி கொள்கலத்தின் அடியில் மட்டுமே இருந்தமையால் மேற்பகுதியின் கொதிப்பு தெரியவில்லை. அபாயச் சங்கும் ஒலிக்கவில்லை. அளக்கப்படாததை எக்கணிப்பொறியும் ஆராயவியலாது; சொல்லப்படாத எச்சரிக்கை எவரையும் காக்காது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத்திணறி விழித்தனர். கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்திருந்தது. தொழிற்சாலை வாயிலருகே காற்றில் கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம் இருக்கவேண்டிய இடத்தில் 2090 இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பின்னர் அறிவித்தது. ஆயின் ஊராரின் மூக்கு அதனை முன்னரே அளந்துவிட்டது.

ஆதலின் மூன்றினை வலியுறுத்துகிறோம். முதலாவது, கருவிகள் உரிய இடங்களில் அமைக்கப்பட்டு, அவற்றின் துல்லியம் காலமுறைப்படி சோதிக்கப்பட வேண்டும். இரண்டாவது, கணிப்பொறி ஐயம் எழுப்பும்போது இயக்கத்தை நிறுத்தும் அதிகாரம் பணிமுறையில் நிற்கும் தொழிலாளியிடம் இருத்தல் வேண்டும். மேலதிகாரி வரும்வரை வாயு காத்திராது. மூன்றாவது, சுற்றுப்புற மக்களின் முறையீடும் தரவாக மதிக்கப்பட வேண்டும். இன்ன நாளில், இன்ன மணிக்கு, இன்ன தெருவில் நாற்றம் வந்தது என்று ஒரு மீனவப் பெண் சொல்வது புலம்பலன்று. அதுவும் ஓர் அளவீடே.

பேரிடரால் பாதிக்கப்படக்கூடியவர்க்கு முன்கூட்டியே தகவல் தரவேண்டும் என 1989ஆம் ஆண்டின் அபாயகர வேதிப்பொருள் விதிகள் கூறுகின்றன. அத்தகவல் மக்களுக்கு விளங்கும் தமிழில் இல்லாவிடின் என்ன பயன்?

மாணவச் செல்வங்களே! இங்கே தமிழ்த்துறைக்கும் வேலையிருக்கிறது. வேதியியல், கணிப்பொறித் துறைகளின் நண்பர்களோடு அமர்ந்து, எளிய தமிழில் ஒரு பக்க அறிவிப்பை எழுதுங்கள். சங்கு எத்தனை முறை ஒலித்தால் என்ன பொருள், காற்று வீசும் திசைக்குக் குறுக்காக ஏன் விலகவேண்டும், முதியோரையும் குழந்தைகளையும் யார் அழைத்துச் செல்வது என்பவை அதில் இடம்பெறட்டும். ஊர்ப் பெரியோர்களே! பள்ளிவாசல், கோயில், தேவாலயம் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகள் அவ்வெச்சரிக்கையை ஊருக்குக் கொண்டுசேர்க்க இன்றே ஓர் ஏற்பாடு செய்யுங்கள். எண்ணாக இருக்கும் எச்சரிக்கை, சொல்லாகித் தெருவுக்கு வரும்போதுதான் உயிரைக் காக்கும்.