மூன்று துளைகள்

நம்மவர்களிடம் ஒரு விசித்திரமான பெருமை உண்டு. 'இந்தக் கம்பி வேலையெல்லாம் நமக்குத் தெரியாது, சார்!' என்று சொல்லிக்கொள்கிற பெருமை. வெட்கத்தோடு சொல்ல வேண்டியதை மார்தட்டிச் சொல்லுகிறார்கள். ஏணியில் ஏறுவதற்கென்று ஒருவன் பிறந்திருக்கிறான். கீழே நின்று அவனை ஏசுவதற்கென்று தாம் பிறந்திருப்பதாக எண்ணம்.

ஸ்பிளிட்டர் என்ற சின்னஞ்சிறு பிளாஸ்டிக் டப்பியை வைத்தே இதை நிரூபிக்கலாம். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் டெலிபோன் கம்பியிலேயே பிராட்பேண்டைத் தொடங்கிய பிறகு, இந்த டப்பி ஊர் ஊராக நுழைந்தது. திண்டிவனத்தைத் தாண்டித் திருச்சி சாலையில், மயிலம் முருகனைத் தரிசிக்கப் போகிறவர்கள் இறங்குகிற கூட்டேரிப்பட்டுக்கும் வந்தது. அங்கே எனக்குச் சித்தப்பா முறையாக வேண்டியவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர். போனை எடுத்தால் இண்டர்நெட் அறுந்து போகிறது, காதில் பாம்பு சீறுகிறது என்று லைன்மேனை வாரந்தவறாமல் கூப்பிட்டுத் திட்டுவார்.

குற்றம் எங்கே? அவர் வீட்டு மாடியில்!

விஷயம் ரொம்பச் சாதாரணம், ஐயா. ஒரே ஜோடிச் செப்புக் கம்பியில் இரண்டு பிரயாணிகள். மனிதக் குரலுக்கு விநாடிக்குச் சுமார் 3,400 அதிர்வு வரை போதும். இண்டர்நெட் 25,000க்கு மேலே போகிறது. டப்பியில் மூன்று துளைகள்: தெருக் கம்பிக்கு, மோடத்துக்கு, டெலிபோனுக்கு. டெலிபோன் துளைக்குப் பின்னால் கம்பிச் சுருளும் கண்டென்ஸரும் வாயிற்காவலனைப் போல நின்று உயர்ந்த அதிர்வுகளைத் தடுத்துவிடும். ஆகவே வீட்டில் எத்தனை போன் இருந்தாலும் அந்தத் துளைக்கு அப்பால்தான் இருக்க வேண்டும். இவர் வீட்டு மாடிப் போனோ, டப்பிக்கு முன்னாலேயே சுவர்ப் பெட்டியிலிருந்து கிளை பிரிந்திருந்தது. இவரே யாரையோ வைத்துப் போட்டுக்கொண்ட கிளை! தெருக் கம்பியை முதலில் கழற்றிவிட்டு (மணி அடிக்கிற சமயம் தொட்டால் சுரீரென்று தட்டும்) ஒரு திருப்புளியால் கிளையை இந்தப் பக்கம் மாற்றினேன். பத்து நிமிஷம் ஆகவில்லை.

"உனக்கு ஏண்டா இந்த வேலை? லைன்மேன் பையன் வந்து செய்ய மாட்டானா?" என்றார் சித்தப்பா.

அந்தப் 'பைய'னுக்கு வயது ஐம்பதுக்கு மேல்.

எல்லாப் பழியும் வீட்டுக்காரர்மேல்தானா என்று கேட்பீர்கள். இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் வேகம் தேய்ந்துதான் போகும். மூட்டுகளில் மழைத் தண்ணீர் புகுந்தாலும் கெடும். ஆனால் எது தெருவின் குற்றம், எது வீட்டின் குற்றம் என்று பார்க்கவாவது தெரிய வேண்டாமா? எவரும் விளக்கவில்லை என்கிறார்கள். லைன், போன், மோடம் என்று டப்பியின் மேலேயே எழுதியிருக்கிறது. நானூறு பக்க நாவலை ஒரே மூச்சில் வாசிக்கிற நமக்கு மூன்று வார்த்தைகள் பாரமாகிவிட்டன!

2020 ஜனவரி 31ஆம் தேதி பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினார்கள். செப்புக் கம்பி இருந்த இடத்துக்குக் கண்ணாடி இழை வந்துகொண்டிருக்கிறது. அதை உருக்கி ஒட்ட இயந்திரம் வேண்டும், திருப்புளியால் ஆகாது. ஆனாலும் அந்த இழை வந்து சேருகிற பெட்டியின் முதுகிலும் துளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயரும் எழுதியிருக்கிறது.