ஜன்னல் திறக்க வராது சார்

போன சாரல் சீசனில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். புதுக் கட்டடம். முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி. மலை மேல் மேகம் இறங்கி, ஊசி ஊசியாகச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அறைக்குள் போனதும் முதல் காரியமாக ஜன்னலைத் திறக்கப் போனேன். கைப்பிடியே இல்லை.

"அது தொறக்க வராது சார். ஃபிக்ஸ்டு கிளாஸ்லா. ஏசி போட்டு விடட்டா?" என்றார் ரூம் பாய். என் பதிலுக்குக் காத்திராமல் போட்டும் விட்டார். பதினெட்டு டிகிரி!

யோசித்துப் பாருங்கள். எங்கெங்கோ இருந்து பஸ் பிடித்து, வேன் பிடித்து நீங்கள் குற்றாலத்துக்கு வருவது எதற்கு? அந்தக் காற்றுக்குத்தானே? அதை வாசலோடு நிறுத்திவிட்டு, உள்ளே மெஷின் வைத்து வேறு காற்று தயாரித்து, அதற்கு உங்களிடமே காசு வாங்குகிறார்கள்.

கீழே இறங்கி வந்தால் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் திரை. மாடி வாரியாக, அறை வாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். "என்ன அண்ணாச்சி இது?" என்று மேனேஜரைக் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "எனர்ஜி சேவிங் சிஸ்டம் சார். ரூம்ல ஆள் இல்லன்னா ஏசி, லைட்டு எல்லாம் தானா ஆஃப் ஆயிரும்." சரி, எல்லாக் கட்டமும் ஏன் ஒரே நிறத்தில் இருக்கிறது? "அதுவா... சென்சார் போயிட்டு சார். கம்பெனிக்காரன் வரணும். மூணு மாசமா மேனுவல்லதான் ஓடுது."

கதவோரம் கீ டேக் செருகும் பெட்டி இருக்குமே, அதிலாவது சேமிப்பு உண்டா என்றால், என் அறைப் பெட்டியில் யாரோ ஒரு புண்ணியவான் பழைய விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகிவிட்டுப் போயிருந்தார். நான் அருவியில் குளித்துக்கொண்டிருந்த இரண்டு மணி நேரமும் என் கட்டிலுக்கு ஏசி ஓடியது.

நான் கம்ப்யூட்டருக்கு எதிரி அல்ல. கட்டடத்தைத் தானியங்கியாக நிர்வகிக்கும் இந்த ஏற்பாடு நல்ல விஷயம்தான். பெரிய ஆஸ்பத்திரி, பத்து மாடி ஆபீஸ், ஜவுளிக் கடல் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் கடைகள், இங்கெல்லாம் ஆள் போட்டு ஸ்விட்சை அணைத்து மாளாது. எந்த மாடியில் கூட்டம், வெளியே எவ்வளவு வெயில், உள்ளே காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சென்சார்கள் சொல்ல, அதற்கேற்ப மெஷின் கூடும், குறையும். இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. பெரிய காற்றாடியின் வேகத்தை நூறில் இருந்து எண்பதாகக் குறைத்தால், மின்சாரச் செலவு எண்பதாகக் குறைவதில்லை, ஏறக்குறைய பாதியாகிவிடும். எப்போது குறைக்கலாம் என்று நாள் முழுக்கக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க மனிதனால் முடியாது. கம்ப்யூட்டரால் முடியும்.

என் சண்டை வரிசையைப் பற்றி. முதலில் செய்ய வேண்டியதைச் செய்யாமல், கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் வாங்குகிறார்கள்.

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை எல்லோருக்கும் தெரியும். 1931ல் கட்டியது. 2009ல் அதன் மின்செலவைக் குறைக்கும் வேலையைத் தொடங்கினார்கள். 38 சதவிகிதம் குறைக்க வேண்டும் என்பது இலக்கு. காசுக்குப் பஞ்சமில்லாத ஊர், உலகத்தில் உள்ள எல்லா கன்ட்ரோலும் வாங்கியிருக்கலாம். வாங்கவும் செய்தார்கள். ஆனால், ஜன்னலிலும் கை வைத்தார்கள். சுமார் ஆறாயிரத்து ஐந்நூறு ஜன்னல்களின் கண்ணாடியைக் கழற்றி, அதே கட்டடத்துக்குள் ஒரு பட்டறை வைத்து, நடுவே மெல்லிய படலம் சேர்த்துத் திரும்ப மாட்டினார்கள். சுவரோரம் வெப்பம் வீணாகாமல் தடுப்பு வைத்தார்கள். கட்டடத்தின் தேவையையே இப்படிக் குறைத்துவிட்டால், கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள வேண்டிய மெஷினும் சின்னதாகிவிடும்.

நாமோ முதலில் கண்ணாடிக் கூண்டு கட்டுகிறோம். துபாயில் பார்த்தோம், சென்னை ஓ.எம்.ஆரில் பார்த்தோம், அதனால் குற்றாலத்திலும் வேண்டும். கூண்டு வெயிலில் வெந்து போகிறது. அதைக் குளிர்விக்க ஏசி. கரன்ட் பில் எகிறுகிறது. அதைக் குறைக்க சிஸ்டம். சிஸ்டம் கெட்டுப் போனால் மேனுவல். ஜன்னலுக்கு ஒரு கொக்கி வைத்திருந்தால் இத்தனையில் பாதி தேவைப்பட்டிருக்காது.

இந்த ஊரில் இது இரட்டை அபத்தம். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிறதே, அந்தக் காற்றுதான் உங்களுக்குச் சாரல். அதே காற்றுதான் தென்காசியில் இருந்து கிழக்கே போகும் வழியெல்லாம் நிற்கும் காற்றாலைகளைச் சுற்றுகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். சீசன் மே முதல் செப்டம்பர் வரை. அதாவது, ஜன்னலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட காற்று, சும்மா போகாமல் காற்றாலையைச் சுற்றி, மின்சாரமாகி, கம்பி வழியாகத் திரும்பி வந்து, அதே அறையில் ஏசியாகக் காற்று வீசுகிறது. வடிவேலு படத்தில்கூட இப்படி ஒரு காட்சி வந்ததில்லை!

மின்சாரம் என்ன குளத்துத் தண்ணீரா, அள்ள அள்ள வர? 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. 2012ஐ மறந்துவிட்டீர்களா? சென்னைக்கு மட்டும் இரண்டு மணி நேர மின்வெட்டு. தென் மாவட்டங்களில் பாதி நாள் இருட்டு. தென்காசியில் ஜெராக்ஸ் கடைக்காரர்கூட ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினார். அப்போது மிச்சம் பிடிக்காத ஒவ்வொரு யூனிட்டும் யாரோ ஒருவர் வீட்டுப் பரீட்சைப் பிள்ளையின் விளக்கில் இருந்து பிடுங்கப்பட்டது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. எரிசக்தி சேமிப்புக் கட்டட விதிகள் என்று மத்திய அரசு 2007லேயே வெளியிட்டது. 2017ல் திருத்தியது. ஆனால் அது குறிவைத்தது 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் இணைப்புள்ள வணிகக் கட்டடங்களை. இருபது அறை லாட்ஜைக் கணக்குப் போடுங்கள். அறைக்கு ஏசி ஒன்றரை கிலோவாட், கீசர் இரண்டு. எழுபதுதான் வருகிறது. தப்பித்தார்! இப்படி இருபது லாட்ஜ் தெருவில் வரிசையாக நின்றால் 1,400 கிலோவாட். தனித்தனியாக எல்லோரும் சின்னவர்கள்.

2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை உள்ள ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று இன்னொரு உத்தரவு. ஒரு டிகிரி கூட்டினால் ஆறு சதவிகிதம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் அமைப்பு. ஆனால் ரிமோட் யார் கையில்? ரூம் பாய் கையில். அவர் உங்களைக் குளிரவைப்பதுதான் உபசாரம் என்று நம்புகிறார். அவரை அப்படி நம்பவைத்தது நீங்களும் நானும்தான்.

லாட்ஜ்காரர்களிடம் பேசினால் பதில் தயாராக இருக்கிறது. "ஜன்னலத் தொறந்தா குரங்கு வருதுல்லா?" வரும். குற்றாலத்துக் குரங்குகள் பிஸ்கட் பாக்கெட்டின் பிராண்ட் பார்த்து எடுக்கும் அளவுக்குத் தேறியவை. அதற்குத்தான் கம்பி, கொசுவலை என்று இரண்டு பொருட்களை மனிதன் எப்போதோ கண்டுபிடித்துவிட்டான். "கஸ்டமர் ஏசி கேக்காங்க." கேட்கட்டும், கொடுங்கள். ஏப்ரல் மாதத்துத் தென்காசி வெயிலில் நானும் கேட்பேன். ஜன்னல் திறந்தால் ஏசி தானாக நிற்கிற மாதிரி சட்டத்தில் ஒரு சின்ன சென்சார் பொருத்துவது பெரிய வித்தையல்ல. தானியங்கி என்றால் அங்கே தொடங்கட்டும்.

பழுது பார்க்க ஆள் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவே முடியாத சாக்கு. தென்காசியில் 2011ல் கால்வைத்த ஸோகோ, மத்தளம்பாறையில் உட்கார்ந்து உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிறது. ஸோகோவில் இருந்து வந்தவர்கள் 2017ல் சென்னையில் தொடங்கிய ஃபெசிலியோ, கட்டடங்களை நிர்வகிக்கும் மென்பொருளைத்தான் வெளிநாடுகளுக்கு விற்கிறது. இந்த மூளை எல்லாம் இருக்கும் மாவட்டத்தில், ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் பத்துப் பேருக்குச் சென்சார் மாற்றச் சொல்லிக் கொடுத்து, லாட்ஜ்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து சம்பளம் கொடுக்க முடியாதா? மூன்று மாதம் கம்பெனிக்காரன் வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

தென்காசி கோயில் கோபுர வாசலில் நின்றிருக்கிறீர்களா? உள்ளே நுழையும்போதே காற்று எதிரே வந்து மார்பில் கை வைத்துத் தள்ளும். பாண்டியன் காலத்துக் கொத்தனாருக்கு மலை எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபிறகு எழும் அரசு அலுவலகங்களுக்கு வரைபடம் போடுகிறவர், ஒரு தடவை அந்த வாசலில் நின்றுவிட்டுப் பேனாவை எடுக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அடுத்த சீசனுக்கு ரூம் புக் பண்ண போன் போடுவீர்கள் அல்லவா? ஏசியா, நான் ஏசியா, வெந்நீர் உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா என்று கேட்பீர்கள். கூடவே, "ஜன்னல் திறக்குமா?" என்றும் கேளுங்கள். இல்லை என்றால், "அப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டு போனை வையுங்கள். பத்துப் பேர் வைத்தால் போதும். பதினோராவது ஆள் கூப்பிடுவதற்குள் தச்சர் வந்துவிடுவார்.