கீரியைவிட கழிச்சலுக்குத்தான் பயம்! கரிசல் வீட்டு நாட்டுக்கோழிகளைக் காப்பாற்ற என்ன வழி?

கோவில்பட்டி பக்கம் எந்தக் கிராமத்துக்குப் போனாலும், வீட்டுக்குப் பின்னாடி நாலு கோழியாவது குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும். மானாவாரி பூமி இது. ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டால் உளுந்தும் இல்லை, பருத்தியும் இல்லை. அப்போது பிள்ளைக்கு நோட்டு வாங்கவும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகவும் கைகொடுப்பது சேவல் விற்ற காசுதான். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களின் சொந்தக் காசு.

செலவும் அதிகமில்லை. சிந்திய கம்பு, சோளம், புழு பூச்சி என்று கோழியே மேய்ந்துகொள்ளும். பழைய பானையில் சாணி, கிழிந்த சாக்கு, ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் தரையில் கவிழ்த்துவைத்தால், காலையில் குஞ்சுகளுக்குக் கரையான் ரெடி. கீரிக்கும் பருந்துக்கும் பஞ்சாரம் இருக்கிறது.

பஞ்சாரத்தால் தடுக்க முடியாத எதிரி, வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் எனப்படும் இந்த வைரஸ் நோய்க்கு மருந்து கிடையாது. சில நாள்களில் கூடே காலியாகிவிடும். தடுப்பூசி மட்டுமே வழி. கால்நடைப் பராமரிப்புத் துறை அதை இலவசமாகவே போடுகிறது. கோடைக்கு முன்பாக, பிப்ரவரியில் இருவார முகாமும் நடத்துகிறது. அப்புறமும் ஏன் கோழிகள் சாகின்றன?

சிக்கல், நேரத்திலும் மருந்துக் குப்பியிலும் இருக்கிறது. பருத்தி, மிளகாய் எடுக்கும் நாள்களில் பெண்கள் காலையிலேயே காட்டுக்குப் போய்விடுகிறார்கள். திறந்துவிட்ட கோழியைப் பகலில் யார் பிடிப்பது? குப்பியோ பொதுவாக 100 கோழிகளுக்கானது. கரைத்த மருந்தை ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஐந்து கோழிக்காக அதை உடைத்தால் மிச்சமெல்லாம் வீண்.

அதனால், தனி வீடாக இல்லாமல் தெருவாகச் சேர வேண்டும். மகளிர் குழு மூலமாகக் கோழிகளைக் கணக்கெடுத்து, கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதல்நாள் இரவே கோழிகளை அடைத்துவைத்து, திறந்துவிடும் முன் ஊசி போட்டுவிடலாம். துறையும் முகாமை விடியற்காலைக்கு மாற்றினால் பாதிப் பிரச்னை தீரும்.

நினைவில் வைக்க வேண்டியது இரண்டே கணக்கு: குஞ்சுக்கு 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8-வது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. நோய் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. செத்த கோழியை ஓடையில் வீசாமல், சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

மானியத்தில் குஞ்சு கொடுப்பது நல்ல விஷயம்தான். ஆனால், கொடுத்த குஞ்சு அடுத்த கோடையைத் தாண்டினால்தானே அது அந்த அம்மாவுக்கு வருமானம்?